கயிற்று மருந்தும் அதன் பத்தியமும்

அன்று டிஸ்பென்சரியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரெசர் ஐயா, மேசைக்குப் பின்னால். என் மகள், அவர் எதிரில் முக்காலியில். நான், மகளின் முதுகுக்குப் பின்னால். என் நாத்தனார், எனக்கும் முன்னால் போய், காலி மருந்துப் பாட்டிலைப் பிடித்தபடி. கயிற்றுக்காரி, வாசல் பெஞ்சில், இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து. வேறு யாரும் இல்லை.

மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகிற மண்சாலையில் எங்கள் தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருந்தார்கள். என் கணவர் குலை வெட்டுவார். நான் உதிர்ந்த பழம் பொறுக்குவேன். நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் போன பிறகு எங்களோடுதான் லயத்து வரிசை வீட்டில் இருந்தார். எங்களுக்கு ஒரே மகள். ஆக ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய். அதில் நான் பேசாத தாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மகள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தாள். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். போனதும் முதலாம் படிவத்தில் சேர்க்க மாட்டார்கள். மலாய் பழக ஓர் ஆண்டு புகுமுக வகுப்பு. அவளோடு முடித்த பெண் பிள்ளைகளில் ஒருத்தி அப்பாவுக்கு வேலை மாறிக் கலும்பாங் பக்கம் போய்விட்டாள். இன்னொருத்தியைச் சுங்கை ஆயர் தாவாரில் அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவள் பெரியவளானதும் வீட்டோடு நின்றாள். விடியாத நேரத்தில் வரும் பள்ளி பஸ்ஸில் எங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளை என்று இவள் ஒருத்திதான் ஏறினாள்.

இரண்டு மாதம் நன்றாகப் போனாள். பிறகு வயிற்று வலி வந்தது.

ஞாயிறு சாயங்காலமே தொடங்கிவிடும். திங்கள் காலையில் மஞ்சளாக வாந்தி எடுப்பாள். பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். பஸ் போனதும் சுருண்டு படுத்துக்கொள்வாள். சோறு வைத்தால் பிசைந்து பிசைந்து கோழிக்குப் போடுவாள். யாரோடும் பேச்சில்லை. கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். கோயிலில் கயிறு கட்டினோம். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம். நாத்தனார் ஓமத் தண்ணீர், வசம்பு, சுக்கு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்.

பள்ளியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். இப்படியே வராமல் இருந்தால் பேரை எடுத்துவிடுவோம் என்றார்கள். என் கணவர் கெட்டவர் இல்லை. களைத்த மனிதர். "முடியலன்னா விட்டுரு. உன்னோட பழம் பொறுக்க வரட்டும். நாலு வருசம் போனா தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சிடலாம்" என்றார்.

நான் பதினோரு வயதில் கூடை எடுத்தவள். என் விரல்களில் செம்பனை முள் ஏறாத விரல் கிடையாது. இவள் கைக்கு அது வேண்டாம் என்று எனக்குள் ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஒரு நாள் லீவு கேட்டுவிட்டு, மகளை டிஸ்பென்சரிக்கு நடத்திக்கொண்டு போனேன். நாத்தனார் கூப்பிடாமலே வந்தார். பாட்டிலோடு வந்தார்.

எங்கள் டிரெசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் டாக்டர் கிடையாது. காயத்துக்கும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அவர்தான். சிரிக்கிற முகம் இல்லை. ஆனால் கை மெதுவாக இருக்கும். மகளின் வயிற்றை அமுக்கினார். கண்ணைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார்.

"பிள்ளை, நீ பின்னேரத்தில ஆரோட விளையாடுறனி?"

அவள் தலை குனிந்தாள்.

"ஆரோட கதைக்கிறனி?"

அத்தை என்று என் நாத்தனாரைக் கை காட்டினாள். நாத்தனார் பெருமையாக நிமிர்ந்தார்.

ஐயா பேனாவை மூடி வைத்தார். வாசல் பெஞ்சைப் பார்த்தார்.

கயிற்றுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோரிக்குக் குலை ஏற்றுகிறவள். என் வயதுதான், உடம்பில் என்னைப் போல இரண்டு பேர். ஆண்டுக்கு ஒரு முறை சுற்று வட்டாரத் தோட்டங்கள் சேர்ந்து விளையாட்டு வைக்கும். அதில் பெண்கள் கயிறு இழுக்கும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. இழுக்க எட்டுப் பேர், யாருக்காவது முடியாமல் போனால் நிற்க ஒருத்தி. வேலை முடிந்து குளிக்காமலே மண்டபத்துக்குப் பின்னால் போய் இழுத்துப் பழகுவார்கள். அந்தப் புண் அதில் வந்தது.

"எத்தினை மணிக்கு உங்கட கயிறு?" என்று ஐயா கேட்டார்.

"அஞ்சு மணிக்குங்கய்யா."

"நாளையில இருந்து இந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ."

கயிற்றுக்காரி மகளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் குச்சியையா? காத்தடிச்சா கயித்தோட பறந்துரும்ங்கய்யா."

"இழுக்க வேண்டாம். உங்களோட நிண்டால் காணும். ஒவ்வொரு நாளும் வரவேணும்."

நாத்தனார் பாட்டிலை மேசைமேல் வைத்தார். "சரிங்கய்யா. மருந்து?"

"இதுதான் மருந்து."

"பாட்டிலு கழுவிக் கொண்டாந்திருக்கேன்."

"பாட்டில் வேண்டாமம்மா."

"ஊசி?"

"ஊசியும் வேண்டாம்."

நாத்தனாருக்கு மனம் ஆறவில்லை. ஊசியும் இல்லாமல் கலர் தண்ணியும் இல்லாமல் ஒருவர் டிஸ்பென்சரியை விட்டு வெளியே வந்ததாக எங்கள் தோட்டத்தில் சரித்திரம் இல்லை. "அப்ப எத்தன நாளைக்குங்கய்யா இந்த மருந்து?" என்று விடாமல் கேட்டார்.

ஐயா அதற்குள் கயிற்றுக்காரியின் கைக்கு மருந்து வைக்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "ஒரு மண்டலம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அது எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது நாத்தனாரின் நடையே மாறிவிட்டது. "மண்டலம்னு சொல்லிட்டாரு. அப்ப இது லேசான மருந்து இல்ல" என்றார்.

"கயிறுதானே அண்ணி."

"கயிறோ வேரோ. மண்டல மருந்துன்னா பத்தியம் உண்டு."

"அவரு பத்தியம் சொல்லலியே."

"அவரு யாழ்ப்பாணத்து ஆளு. அவங்க பத்தியம் வேற மாதிரி இருக்கும். நமக்குத் தெரியாதா நம்ம பத்தியம்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மருந்து என்றால் பத்தியம். காமாலைக்கு இருந்திருக்கிறோம். பாம்புக் கடிக்கு இருந்திருக்கிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் இருந்திருக்கிறோம். லயத்தில் யாருக்குப் பத்தியம் என்றாலும் நாத்தனாரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வைத்த பத்தியம் தவறி யாரும் செத்ததில்லை.

அன்று இரவே தனிச் சட்டி எடுத்தார். வறுத்த உப்பு. வறுத்த அரிசிக் கஞ்சி. சுட்ட அப்பளம் ஒன்று. கருவாடு கூடாது. பெலாச்சான் இறால் விழுது கூடாது. கத்தரிக்காய், பூசணி, தேங்காய், புளி, எண்ணெய் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கை மாறிய சோறு கூடாது. அதாவது வேறு வீட்டு அடுப்பில் வெந்தது எதையும் வாயில் வைக்கக் கூடாது.

மகள் எதிர்த்துப் பேசவில்லை. எப்படியும் சாப்பிடாதவள்.

மறுநாள் சாயங்காலம் நான்தான் கொண்டு போய் விட்டேன். மண்டபத்துக்குப் பின்னால் மணல் கொட்டிய இடம். ஓடாத டிராக்டர் ஒன்று அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டியிருந்தார்கள். மறுமுனையில் பெண்கள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியவர்கள் பாதி, புருஷனின் காற்சட்டையை மாட்டியவர்கள் பாதி. டிராக்டர் அசையாது. அது அசையாது என்று தெரிந்தேதான் இழுத்தார்கள்.

"வாடி டாக்டர் அனுப்புன மகளே" என்றாள் கயிற்றுக்காரி. ஒரு பிஸ்கட் டின்னையும் செம்பனை மட்டைத் துண்டையும் கையில் கொடுத்தாள். "நாங்க இழுக்கறப்ப இத அடி. ஒரே மாதிரி அடிக்கணும். நீ தப்பா அடிச்சா எங்க கால் தப்பும். கால் தப்புச்சுன்னா உன்மேலதான் விழுவோம். எங்களத் தெரியும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. ஆனால் அடித்தாள். முதலில் கொசு பறக்கிற சத்தம்போல. பின்னாலிருந்து ஒருத்தி, "மாவு சலிக்கிறியா புள்ள?" என்று கத்தினாள். கொஞ்சம் பலமாக அடித்தாள். நான் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். லயம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் தினமும் போனாள். சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. பள்ளிக்கும் வாரத்தில் ஒரு நாள் கூடுதலாகப் போனாள். ஆனால் மெலிந்துகொண்டே வந்தாள். எனக்கு அது புரியவில்லை. மருந்து வேலை செய்கிறது, அதனால் உடம்பு இளைக்கிறது என்று நாத்தனார் சொன்னார். கெட்ட நீர் போகிறதாம்.

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இழுத்து முடிந்ததும் பெண்கள் மணலில் வட்டமாக உட்கார்வார்கள். ஆளுக்கு ஒரு நாள் ஏதாவது கொண்டு வருவாள். அவித்த மரவள்ளியும் சம்பலும். கச்சான் கடலை. ரொட்டியில் தடவிய தித்திப்புப் பால். அந்த நேரத்துக்காகத்தான் பாதிப் பேர் கயிறு இழுக்கவே வந்தார்கள். என் மகள் மட்டும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு டிராக்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாளாம். கூப்பிட்டால் தலையை ஆட்டுவாளாம். வெட்கம் என்று நினைத்து விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், அடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே டின்மேல் சரிந்துவிட்டாள்.

கயிற்றுக்காரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குலை ஏற்றுகிற தோள். அவளுக்கு அது பாரமே இல்லை. பின்னால் எல்லாப் பெண்களும் வந்தார்கள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் குடத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

"என்னாடி குடுக்கறீங்க இந்தப் புள்ளைக்கு?" என்று கயிற்றுக்காரி வாசலிலேயே கேட்டாள். "கோழிக்குஞ்சுகூட இதவிடக் கனம்."

"பத்தியத்துல இருக்கா" என்றார் நாத்தனார்.

"என்னா பத்தியம்?"

"மண்டல மருந்து. நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த. கேக்கல?"

"நான் கேட்டேன். நீங்கதான் கேக்கல. அவரு கயித்துக்கு அனுப்புனாரு. கயித்துக்கு எவளாச்சும் பத்தியம் இருப்பாளா? கஞ்சி குடிச்சிட்டுக் கயிறு இழுக்கச் சொல்றியா?"

"இந்தா, எத்தன பேருக்குப் பத்தியம் வெச்சவ நான். நீ எனக்குச் சொல்ல வந்துட்ட. பேசாம போ."

"போறேன். புள்ளையத் தூக்கிட்டுப் போறேன். எங்க வீட்டுல கோழிக் கொழம்பு."

"தூக்கிப் பாரு."

"தூக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

அது உண்மை. மகள் இன்னும் அவள் தோளில்தான் கிடந்தாள். கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் வாங்கிப் பாயில் கிடத்தினேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். நாத்தனார் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். சர்க்கரை பத்தியத்தில் உண்டா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை எல்லோரும் டிஸ்பென்சரிக்குப் போனோம். கயிற்றுக்காரி லோரியைக் காக்க வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஐயா ஒருவரையும் தடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பத்தியம் என்ற சொல் வந்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பிறகு நாத்தனாரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

நாத்தனார் அழவில்லை. ஆனால் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து நாளுக்கு மேல் தனிச் சட்டியில் சமைத்தவர். தன் வாய்க்கும் கருவாடு வேண்டாம் என்று விட்டிருந்தார். பிள்ளை பார்க்கத் தான் தின்னக் கூடாதென்று.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பிழை என்ர பிழை" என்றார். "மருந்தைச் சொல்லிப்போட்டுப் பத்தியம் சொல்ல மறந்துபோனன்."

நாத்தனார் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"இந்த மருந்துக்குப் பத்தியம் இருக்குது. ஒண்டே ஒண்டு. தனிய இருந்து சாப்பிடக் கூடாது. பக்கத்தில ஒராள் சாப்பிட வேணும். அது தவறினால் மருந்து பிடிக்காது."

"கருவாடுங்கய்யா?"

"தின்னலாம்."

"கத்தரிக்கா?"

"தின்னலாம்."

"கை மாறுன சோறு?"

"அதுதான் முக்கியம். கை மாறாட்டி அது சாப்பாடே இல்லை."

கயிற்றுக்காரி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். நாத்தனார் அதைக் கவனிக்கவில்லை. பத்தியத்தை மனதில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாராலும் தனியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. விடியற்காலையில் மகளுக்குத் தோசை வார்த்தால், நாத்தனார் பல் விளக்காத வாயோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்வார். என் கணவர் வேலை முடிந்து வந்து தட்டில் கை வைத்தால், எங்கிருந்தாலும் ஓடி வருவார்.

"நான் என்னா நோயாளியாக்கா?" என்று அவர் கத்தினார்.

"வீட்டுல ஒருத்தருக்குப் பத்தியம்னா வீட்டுக்கே பத்தியம். தின்னு."

கயிற்றடியில் மகள் இப்போது வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். மரவள்ளிக்கிழங்கைச் சம்பலில் தோய்த்து அவள் தின்பதை நான் வேலியோரமாக நின்று பார்த்தேன். சம்பல் காரத்தில் மூக்கு ஒழுகியது. ஒருத்தி தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். நான் கிட்டப் போகவில்லை. திரும்பிவிட்டேன்.

ஆனாலும் திங்கள்கிழமை வலி போகவில்லை. ஒரு ஞாயிறு சாயங்காலம் மறுபடி சுருண்டு படுத்தாள். நாத்தனார் யோசித்தார். பத்தியம் எங்கோ தவறுகிறது என்று அவருக்குப் பட்டது.

"ஏன் புள்ள, பள்ளிக்கூடத்துல யாரோட சாப்படற?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"யாரோடயும் இல்ல அத்தை."

"தனியாவா திங்கிற?"

"திங்கிறதே இல்ல."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பள்ளி தொடங்கிய புதிதில் கேன்டீனில் ஏதோ கேட்கப் போய் மலாய் தப்பிவிட்டதாம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்களாம். அதிலிருந்து இடைவேளை மணி அடித்தால் புத்தக அறைக்குப் பின்னால் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வயிற்றுக்குள் வந்துவிடுமாம். படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

நாத்தனார் எழுந்து கொடியில் கிடந்த நல்ல புடவையைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் பஸ்ல வர்றேன். உன்னோட உக்காந்து தின்னுட்டு அடுத்த பஸ்ல வந்துர்றேன்."

மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வெற்றிலைப் பையோடு அத்தை கேன்டீனில் நிற்பது அவள் கண்ணில் தெரிந்தது. என் கண்ணிலும் தெரிந்தது.

"வேணாம் அத்தை."

"பத்தியம் தவறக் கூடாது லா."

"நானே ஆள் பாத்துக்கறேன். நீ வராத. சத்தியமா பாத்துக்கறேன்."

"பாக்கலன்னா மறுநாள் வருவேன்."

திங்கள் காலையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு பஸ் ஏறினாள்.

அன்று நான் பழம் பொறுக்கினேனா மண் பொறுக்கினேனா என்று தெரியாது. மண்டோர் இரண்டு முறை திட்டினார். வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னால் இந்நேரம் மணி அடித்திருக்கும் என்று நினைத்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

அவள் சாயங்காலம் வந்து சொன்னதைச் சொல்கிறேன். பஸ்ஸிலேயே ஒரு மலாய் வாக்கியத்தைத் தயார் செய்து, வழி நெடுக மனதுக்குள் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். கேன்டீன் மேசைக் கோடியில் மலாய்ப் பிள்ளை ஒருத்தி தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாளாம். ஆற்றோரக் கம்பத்து, மலாய்க் கிராமத்துப் பிள்ளை. இவள் போய் நின்று, நான் தனியாகச் சாப்பிடக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொன்னாளாம். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, என்ன நோய் என்று கேட்டாளாம். நோய்க்குப் பேர் இவளுக்குத் தமிழிலும் தெரியாது. மருந்தைச் சொல்லிவிடலாம் என்று கயிறு இழுப்பதுபோலக் கையைக் காட்டியிருக்கிறாள். அவள் சிரித்தாளாம்.

"சிரிச்சாளா?" என்றார் நாத்தனார், சண்டைக்குப் போகிற குரலில்.

"அது வேற சிரிப்பு அத்தை. நவுந்து எடம் விட்டா."

"சாப்பிட்டியா?"

"அவ நெத்திலி பாதி குடுத்தா. நான் தோசையில பாதி குடுத்தேன்."

"கை மாறுச்சு" என்றார் நாத்தனார் என்னிடம். கண்களில் அப்படி ஒரு வெளிச்சம்.

பத்து நாளில் இன்னொருத்தியும் அந்த மேசைக்கு வந்துவிட்டாள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை. அவளும் அதே படிக்கட்டில் வேறு ஒரு படியில்தான் உட்கார்ந்திருந்தாளாம். இருவரும் பல வாரம் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரியே இருந்திருக்கிறார்கள்.

வலி ஒரே நாளில் போய்விட்டது என்று சொன்னால் பொய். சில திங்கள்கிழமைகளில் முகம் வெளுக்கும். ஆனால் பஸ் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. பள்ளியில் பேரை எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு முதலாம் படிவம் போனாள். கூடையைத் தொடவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும்.

விளையாட்டு நாளில் எங்கள் ஆட்கள் இரண்டு இழுப்பிலும் தோற்றார்கள். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்திலிருந்து வந்த கூட்டம் நின்ற இடத்திலேயே நின்று இழுத்துவிட்டது. என் மகள் டின் நசுங்குகிற மாதிரி அடித்தாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். கத்தினாள் என்பதை நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்துத்தான் நம்பினேன்.

"அதுங்க பொம்பளைங்களா? லோரிடி, லோரி" என்றாள் கயிற்றுக்காரி, மணலில் உட்கார்ந்துகொண்டே.

"நீங்க டிராக்டரையே இழுத்தவங்கதானக்கா" என்றாள் என் மகள்.

"அது அசஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப வாய மூடு" என்று அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மண்டலம் முடிந்தது. நாத்தனார் நாளை விடாமல் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். பத்தியம் முடிகிற நாளில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி விருந்து போட வேண்டும் என்றார். ஒரு ஞாயிறு வைத்தோம். கயிற்றடிப் பெண்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். வந்ததும் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். புக்கிட் ரோத்தான் பிள்ளை பஸ் ஏறி வந்தாள். மலாய்ப் பிள்ளையை அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தார். பிள்ளையை இறக்கிவிட்டு, எங்கள் சட்டிச் சோறு அவர்களுக்கு ஆகுமோ என்ற தயக்கத்தில் வண்டியை அணைக்காமல் நின்றார். முழுக்க மரக்கறிச் சாப்பாடுதான். குழாயடி வாழையில் இலை அறுத்து வைத்திருந்தோம். என் கணவர் இலையையும் அடுப்பையும் காட்டித் தன் ஓட்டை மலாயில் ஏதோ சொன்னார். பிள்ளையின் அப்பா வண்டியை அணைத்தார்.

டிரெசர் ஐயா வழியில் போகிறவர்போல வந்தார். லயத்து வாசலில் டிரெசர், கிராணி மாதிரி ஸ்டாஃப் ஆட்கள் உட்காருகிற வழக்கம் இல்லை. நின்றபடியே மகளைப் பார்த்து, "வடிவாய் இருக்கிறாய் பிள்ளை" என்றார். "வீட்டில சாப்பாடு இருக்குது, நான் போய்ச் சாப்பிடுறன்" என்றார்.

"வீட்டுல யாருங்கய்யா இருக்கா?" என்று நாத்தனார் கேட்டார். அவர் சம்சாரம் அப்போது ஊருக்குப் போயிருந்தார். அது தோட்டத்துக்கே தெரியும்.

"பத்தியம்ங்கய்யா" என்றார் நாத்தனார்.

அவர் செருப்பைக் கழற்றினார்.

நான் பரிமாறினேன். இரண்டு பந்தி. நாத்தனார் முதல் பந்தியில் ஐயாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் இலையில் எது குறைந்தாலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் பந்தியும் எழுந்துவிட்டது. எல்லோரும் கை கழுவினார்கள். நான் எப்போதும்போல் சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்துக்கொண்டு அடுப்படி மூலைக்குப் போகப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கே நின்றபடி சாப்பிடுவதுதான் என் பழக்கம்.

அப்போது பார்த்தேன். பாயில் என் மகள் மட்டும் இருந்தாள். அவள் இலையில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. ஒரு பருக்கை கலையவில்லை. இத்தனை நாளும் வீண் என்று நினைத்தேன்.

கிட்டப் போய்க் குனிந்து, "வயிறு நோவுதா?" என்றேன்.

"இல்லம்மா."

"அப்பறம் ஏன் சாப்புடல?"

பக்கத்தில் இன்னோர் இலை விரித்திருந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தாள்.

"நீ உக்காரு" என்றாள். "எத்தன நேரம் பாத்துக்கிட்டு இருக்கறது?"

உட்கார்ந்தேன். அவளே எனக்குச் சோறு போட்டாள். சாம்பார் ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாகிவிட்டது, இலையைத் தாண்டி ஓடியது. நாங்கள் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை சோறு கேட்டாள். நான் எழப் போனேன். நாத்தனார் என் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு, அவரே சட்டியைக் கொண்டு வந்தார்.

முடிந்ததும் அவள் இலையைத் தன் பக்கமாக மடித்தாள். நானும் மடித்தேன். பிறகு எல்லா இலைகளையும் கோழிக் கூண்டுப் பக்கம் கொண்டு போய்ப் போட்டேன். போடும்போது என்னுடையதையும் சேர்த்து எண்ணினேன்.

பதினேழு.